தட்டில் இல்லாத சுரண்டி

‘எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேன்’ என்று சொல்லிச் சொல்லியே சின்னவளுக்கு வீட்டில் ‘எதுக்கும்’ என்று பெயர் விழுந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைப்பவளும் அவள்தான், அணைந்ததா என்று கேட்பவளும் அவள்தான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் மட்டும், “சிரிக்காதீங்க. இவ கையில மாட்டுறவங்க தப்பிச்சுக்குவாங்க” என்பார்.

அண்ணன் வாக்கு பலித்தது. சின்னவள் நர்ஸ் படிப்பை முடித்து, பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருடங்களில் அங்கே மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஆபரேஷன் அறைக்கு அவளையே பொறுப்பாக்கினார்கள். ஒரே ஜன்னல், அதன் கண்ணாடியில் பாதி உயரம் வரை வெள்ளைப் பெயின்ட், வளைகிற கழுத்துள்ள ஒரு விளக்கு, ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும் தள்ளுமேசை. கர்ப்பம் தங்கிய ஆரம்ப வாரங்களிலேயே அது வேண்டாம் என்று முடிவெடுத்து வருகிற பெண்களுக்கான அறை. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த அறையின் பெரிய டாக்டர் தங்கமான மனிதர். கோபமே வராது. மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, கையால் இழுக்கும் பெரிய சிரிஞ்சைக் கொண்டு கருவை உறிஞ்சி எடுப்பார். அதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் அவர் முடிக்கமாட்டார். தட்டில் கடைசியாக இருக்கும் சுரண்டியை, அதாவது நுனியில் வளையம் வைத்த நீளமான இரும்புக் கம்பியை எடுத்து, உள்ளே ஒரு சுற்று சுரண்டிப் பார்ப்பார். ஏதும் மிச்சம் இருந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருநாள் அந்தச் சுற்றில் சுரண்டி கர்ப்பப்பையைத் துளைத்துவிட்டது. படுத்திருந்தவளை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். உயிர் பிழைத்தது. ஆஸ்பத்திரித் தலைவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த ரூமைப் பூட்டிடுவேன்” என்றார்.

சின்னவளுக்கு அன்று முழுவதும் அதே நினைப்புதான். அறையைப் பூட்டிவிட்டால் வருகிறவர்கள் வராமல் நின்றுவிடுவார்களா? மார்க்கெட்டுக்குப் பின்னால், லைசென்ஸும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் இதே வேலையைச் செய்கிற ஒருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அங்கே போய்க் காய்ச்சலும் சீழுமாகத் திரும்பியவர்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அடுத்த மாதம் பாதுகாப்பான கருக்கலைப்பு பற்றிய மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனாள். உறிஞ்சி எடுத்த பிறகு சுரண்டவே வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, “அண்ணா, நாலு பப்பாளி வாங்கிட்டு வாயேன். காம்புப் பக்கம் ஒடுங்கி, கழுத்து மாதிரி இருக்கணும்” என்றாள்.

“பழத்துக்கு ஏதுடி கழுத்து?”

“கர்ப்பப்பை அந்த மாதிரிதாண்ணா இருக்கும். அதுலதான் பழகிப் பாப்பாங்க.”

“இதுக்கு உங்களுக்குப் பப்பாளியேதான் கிடைச்சுதா?” என்று அலுத்துக்கொண்டே அண்ணன் கிளம்பினார். பழக்கடையில் ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, திருப்பி, தட்டி, கழுத்தைத் தடவிப் பார்த்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, சாப்பிடப் போறீங்களா, கட்டிக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

சமையலறை மேடையில் பழம் படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய குழாயையும் சிரிஞ்சையும் சுரண்டியையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள் சின்னவள். கழுத்து வழியாகக் குழாயை விட்டு இழுத்தாள். விதைகள் சரசரவென்று வந்தன, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பழத்தில் சுரண்டியை விட்டுப் பதமாக ஒரு சுற்று சுற்றினாள். அண்ணன் அந்தப் பழத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் சாறு ஒழுகியது.

“பஞ்சர்!” என்று சிரித்தார்.

“நான் அழுத்தவே இல்லையேண்ணா. கைக்கு ஒண்ணுமே தெரியலையே.”

அண்ணனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் மிச்சப் பழங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. “என்ன சிஸ்டர், லஞ்சமா?” என்றார் பெரிய டாக்டர். அவள் தன் பழத்தில் ஓட்டை விழுந்த கதையைச் சொன்னாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே சுரண்டிப் பார்த்தார். முதல் பழம் தப்பித்தது. இரண்டாவதைத் திருப்பியபோது விரல்களுக்கிடையே சாறு வழிந்தது. பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இது வேண்டாம்னு நானும் படிச்சிருக்கேம்மா. ஆனா முப்பது வருஷப் பழக்கம். புத்தி வேண்டாம்னு சொல்றதுக்குள்ள கை போயிடுது. என் கையை நீதான் பாத்துக்கணும்.”

அதற்குச் சின்னவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சுரண்டி இனிமேல் தட்டில் இருக்காது. உறையிலிட்டு ஒட்டி, சுவர் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அரிதாக அது உண்மையிலேயே தேவைப்படலாம், அதனால் தூக்கி எறியவும் முடியாது. டாக்டர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால், உறிஞ்சி எடுத்ததை முதலில் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு இருவரும் பார்க்க வேண்டும். எல்லாம் வந்துவிட்டதா என்று கண்ணே சொல்லும்போது இரும்பு எதற்கு?

இரண்டு வாரம் யாருக்கும் சுரண்டி தேவைப்படவில்லை.

பிறகு ஒரு காலையில் துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். எட்டு வாரம். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே வயிற்றைக் கிழித்து எடுத்தவை. தழும்புள்ள கர்ப்பப்பை, எளிதில் துளைபடும். கர்ப்பப்பை வாய் இளக முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் நிதானமாக உறிஞ்சி எடுத்தார். குழாயை வெளியே எடுத்ததும் ரத்தம் வந்தது. வழக்கமாக வருவதைவிட அதிகம்.

டாக்டரின் வலது கை தட்டின் பக்கம் நீண்டு, அங்கே ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

“சிஸ்டர், அதைக் குடு. உள்ள மிச்சம் இருக்குபோல.”

சிரிஞ்சில் வந்ததைச் சின்னவள் வடிகட்டியில் அலசி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் கவிழ்த்து, விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மிச்சம் இருந்து, அவள் இல்லையென்று சொல்லிவிட்டால், இந்தப் பெண் ரத்தம் வற்றிப்போவாள். இல்லாமலிருந்து சுரண்டியைக் கொடுத்துவிட்டால், தழும்பு கிழியும். இரண்டில் எதற்கும் மன்னிப்பு கிடையாது.

“ஏன் யாருமே பேசமாட்டேங்கறீங்க?” என்றாள் படுத்திருந்தவள்.

“சிஸ்டர் எப்பவும் ரெண்டு தடவை பாப்பாங்கம்மா. வேற ஒண்ணுமில்ல” என்று டாக்டர் சமாளித்தார். குரல் மட்டும் காட்டிக்கொடுத்தது.

தண்ணீரில் கருவின் திசு வெண்மையான பஞ்சிழைகளாக விரிந்தது. பக்கத்தில் கருவை மூடியிருந்த, கண்ணாடித்தாள் போல மெல்லிய பை. எட்டு வாரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவும் இருந்தது. அவள் கிண்ணத்தை ஒருமுறை சுழற்றினாள், நிதானமாக மறுபடி பார்த்தாள்.

“டாக்டர், எல்லாம் இங்க இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. கர்ப்பப்பை சுருங்கல, அவ்வளவுதான். நீங்களே பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். நீண்ட கை மெல்ல மடங்கியது. “சுருங்கறதுக்கு ஊசி போடு” என்றவர், ஒரு கையை உள்ளேயும் மறு கையை வயிற்றின் மேலும் வைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். “இறுகுது” என்றார் கொஞ்ச நேரத்தில். ரத்தம் குறைந்தது, கசிந்தது, நின்றது.

“முடிஞ்சுதா சிஸ்டர்? மதியத்துக்கு மேல நான் கடையில நிக்கணும்.”

“இன்னைக்கு ஒருநாள் கடை உங்களைத் தேடட்டும். பேசாம படுங்க.”

அவசர ஊசி போட்டார்கள் என்ற செய்தி எப்படியோ மாடிக்குப் போய்விட்டது. தலைவர் வந்து வாசலில் நின்றார். “மறுபடியுமா?”

“இல்ல சார்” என்றார் பெரிய டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. “கொஞ்சம் ரத்தம், நின்னுடுச்சு. சுரண்டியைக் கேட்டேன், சிஸ்டர் கிண்ணத்தைக் காட்டினாங்க. நல்லவேளை.”

தலைவர் தட்டைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், படுத்திருந்தவளைப் பார்த்தார். “அப்ப வெளியில ஏன் இத்தனை பேர் உக்காந்திருக்காங்க? கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

சின்னவள் புதிய தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். பெஞ்சின் முனையில் இருந்தவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்கம்மா, உள்ள வாங்க” என்றாள் சின்னவள்.