கருவாட்டுப் பரணில் ஒன்பது புள்ளி எட்டு

கட்டாரிலிருந்து வருகிறவர்களின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது கற்பிட்டியில் எல்லோருக்கும் தெரியும். சவர்க்காரம், பால்மா, போர்வை, அத்தர், பிள்ளைகளுக்குச் சொக்லட். பெட்டி திறக்கும் நேரம் பார்த்து அக்கம்பக்கத்தார் தற்செயலாக வந்தவர்கள் போல வந்து நிற்பார்கள். உம்மாவின் ஒரே தம்பியான என் மாமா எங்கள் வீட்டு விறாந்தையில் பெட்டியைத் திறந்த அன்றும் அப்படி ஒரு கூட்டம் நின்றது. முதலில் ஒரு போர்வை வந்தது. அதை விரித்தால் உள்ளே இன்னொரு போர்வை. அதையும் விரித்தால், பளபளவென்று கெட்டியான பிளாஸ்டிக் உறைகளுக்குள் அடைத்த படப் புத்தகங்கள். பெட்டியின் அடிமட்டம் வரைக்கும் அவைதான்.

“இதுக்குத்தானா நீ பாலைவனத்துல காஞ்ச?” என்றார் உம்மா. கூட்டம் மெல்லக் கலைந்தது. பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் பால்மா தீர்ந்துபோய்க் காலையில்தான் எங்களிடம் கடன் வாங்கியிருந்தாள்.

எனக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. பத்து வயதில் எனக்கு அப்படியொரு வாசிப்புப் பைத்தியம். பாண் சுற்றி வந்த கடதாசியைக்கூட நீவி வாசித்துவிட்டுத்தான் எறிவேன். கைக்கு எட்டிய ஒரு உறையை எடுத்து அதன் வாய் எந்தப் பக்கம் என்று தேடினேன். நாலு பக்கமும் மூடியிருந்தது. மாமா பறவைக்குஞ்சை வாங்குவதுபோல் அதை என்னிடமிருந்து வாங்கினார்.

“இது வாசிக்கிறதுக்கில்ல மகள்.”

வாசிக்கக்கூடாத புத்தகம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாமா பொறுமையாக விளங்கப்படுத்தினார். அமெரிக்காவில் இதற்கென்று ஒரு கம்பனி இருக்கிறது. கொமிக்ஸ் புத்தகத்தை அங்கே அனுப்பினால் மூலை மடங்கியிருக்கிறதா, முதுகு வெடித்திருக்கிறதா, நடுவில் குத்திய கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க்ஸ் போடுவார்கள். பிறகு யாருடைய கையும் படாதபடி உறைக்குள் வைத்துப் பூட்டி, மேலே லேபல் ஒட்டி அனுப்புவார்கள். உறையைத் திறந்தால் மார்க்ஸும் போய்விடும். அவரிடம் இருந்தவற்றில் ஆகப் பெரிய மார்க்ஸ் ஒன்பது புள்ளி எட்டு.

உம்மா வாப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மிச்சத்த என்னத்துக்கு வெட்டினாங்களாம்?” பின்னட்டையில் மயிரிழை போல ஒரு மடிப்பு இருக்கிறதாம் என்றார் மாமா. உம்மாவுக்கு அது அகப்படவில்லை. கருவாட்டு வியாபாரியான என் வாப்பாதான் பேச்சை முடித்துவைத்தார். “நாங்களும்தான் மச்சான் தரம் பிரிக்கிறம். ஆனா பிரிச்சதுக்குப் பொறகு திங்குறம்.”

அந்த ஒன்பது புள்ளி எட்டுதான் என் நிம்மதியைக் கெடுத்தது. அந்தப் புத்தகம் கடைகளுக்கு வந்தபோது வேறு ஓர் அட்டையோடு வந்ததாம். அதே கதைக்கு இன்னொரு ஓவியரைக் கொண்டு இன்னோர் அட்டை வரைவித்துக் கொஞ்சப் பிரதிகள் மட்டும் அச்சடித்தார்களாம். மாமாவிடம் இருந்தது அந்த அபூர்வ அட்டை. கடலோரப் பாறையின் விளிம்பில் சிவப்பு அங்கி போட்ட ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை அவளை நோக்கி நீள்கிறது. சின்ன விரலில் ஒரு மோதிரம். விரல்நுனிக்கும் அவள் தோளுக்கும் நடுவில் ஓர் அரிசி போகிற இடைவெளிதான். தள்ளப்போகிறதா, பிடிக்கப்போகிறதா, யாருடைய கை, ஒன்றும் தெரியாது. ஆளை வரையாமல் கையை மட்டும் வரைந்து வைத்திருந்தான் அந்தப் படுபாவி.

இரண்டு நாளில் அந்தக் கை எங்கள் தெருவின் கையாகிவிட்டது. பிள்ளைகள் வந்து வந்து பார்த்தார்கள். வாப்பாவின் தம்பியை நாங்கள் சாச்சா என்போம். அந்தச் சாச்சாவின் மகனுக்கு என்னைவிட ஒரு வயது கூட, வாய் பத்து வயது கூட. அது கொலைகாரனின் கைதான் என்று அவன் அடித்துச் சொன்னான். உம்மா தேங்காய் துருவிக்கொண்டே, அது அவளுடைய புருசன்தான், வேறு யார் வருவார் என்றார். வாப்பாகூடக் கரையிலுள்ள மீன்வாடியிலிருந்து வந்து கால் கழுவும்போது கையைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். சாச்சாவின் மகன் கண்டக்குழி விடுதிகளில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்களிடம் போய் விசாரித்துவிட்டு வந்தான். அவர்களுக்கும் தெரியவில்லை. அந்தத் தோல்வியின் கடுப்பை அவன் என் தலையில் இறக்கினான்.

“பொஸ்தகம் ஒங்கட ஊட்டுல. கதை மட்டும் அமெரிக்காவுல!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நேரே மாமாவிடம் போய், நீங்களாவது கதையைச் சொல்லுங்கள் என்றேன். மாமா தலையைச் சொறிந்தார்.

“நான் வாங்கக்குள்ளயே பூட்டித்தான் வந்த மகள்.”

அதாவது அவருக்கும் தெரியாது! தெரியாத ஒன்றை இரண்டு போர்வை சுற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். அழுதேன், கதவைச் சாத்தினேன், சோறு வேண்டாம் என்றேன். உம்மா இறால் பொரித்ததால் அந்தப் போராட்டம் மத்தியானத்தோடு முடிந்துபோனது. மாமாவோ மசியவில்லை. கொழும்பில் இவரைப் போலவே கொமிக்ஸ் சேர்க்கும் ஓர் ஆள் இருந்தார். அந்த அட்டையை வாங்குவதற்காகவே அவர் ஊருக்கு வருவதாக இருந்தார். உறை திறந்தால் அந்த வியாபாரம் அவ்வளவுதான்.

இதற்கிடையில் மழை பிடித்தது. அந்தக் கிழமை முழுக்க விடாமல் பெய்தது. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் மழையும் சேர்ந்தால் சுவர் வியர்க்கும், அலுமாரிப் பூட்டு துருவேறும், தலையணை நமுத்துப்போகும். அலுமாரிக்குள் இருந்த மாமாவின் உறைகளின் மேலும் மூடுபனி மாதிரி ஈரம் படிந்தது. வெள்ளிக்கிழமை வெயில் எறித்தது. வாப்பாவும் மாமாவும் ஜும்ஆவுக்குப் போனார்கள். உம்மா அலுமாரியைத் திறந்து பார்த்தார்.

எங்கள் வீட்டில் ஈரம் பட்ட எதுவும் போகும் இடம் ஒன்றுதான். வளவில் கம்பு நட்டு, மேலே வலை விரித்துக் கட்டிய கருவாட்டுப் பரண். மெத்தை, சப்பாத்து, என் பள்ளிக்கூடப் பை எல்லாம் அங்கேதான் காய்ந்தன. மழையில் நனைந்து வந்த என்னையே ஒருநாள் உம்மா அதன் ஓரத்தில் உட்காரவைத்திருக்கிறார். ஆகவே அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சாளைக் கருவாட்டுக்கும் கட்டாக் கருவாட்டுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, உறைகளை வரிசையாக அடுக்கி, காகம் விரட்டும் கம்பை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். நான் ஒன்பது புள்ளி எட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுதுவிட்டு வந்த மாமா கேற்றடியிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

“ராத்தா!”

அக்காவைக் கூப்பிட்ட அந்தச் சத்தத்தில் கூரையில் இருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. அவ்வளவு நேரம் நான் கம்பு வீசி விரட்ட முடியாத காகங்கள். உம்மா கரண்டியோடு வெளியே வந்து, என்ன கூச்சல் என்பதுபோல் பார்த்தார். “ஈரம் பட்ட சாமான காயப்போடாம, ஊறுகாயா போடுற?” மாமா தொப்பி விழுந்ததும் தெரியாமல் உறைகளை அள்ளினார். ஒவ்வொன்றாகத் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மோந்து பார்த்தார். நல்லவேளை, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, வாசத்தைத் தவிர. கருவாட்டு வாசத்துக்கு எத்தனை மார்க்ஸ் வெட்டுவார்கள் என்று வாப்பா கேட்டார். மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பின்னேரம்வரை உம்மாவோடு அவர் கதைக்கவில்லை.

அந்தப் பின்னேரம்தான் கொழும்பு ஆளின் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். ஞாயிறு போனால் கை கொழும்புக்குப் போய்விடும்.

“அது பெய்த்தா, மௌத்தாகும் வரைக்கும் எனக்குத் தெரியவராது மாமா,” என்று விம்மினேன். பத்து வயதில் சாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் மனதாரத்தான் சொன்னேன். மாமா உறையை மடியில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தபடியே இருந்தார்.

சனிக்கிழமை காலையில் மாமாவின் குரல் கேட்டு ஓடினோம். ஒன்பது புள்ளி எட்டின் உறை ஒரு மூலையில் பிளந்து, வாய் திறந்து கிடந்தது.

“வெயில் செஞ்ச வேல ராத்தா,” என்றார் மாமா.

உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் உம்மா பேச்சற்று நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மாமாதான் தேற்றினார். நடந்தது நடந்துபோச்சு, விடுங்க என்றார். முதல் நாள் வெறும் வாசத்துக்கு அந்தக் குதி குதித்தவர், உறையே உடைந்ததற்கு ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. நான் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. என் கண் அந்தப் பிளவில் இருந்தது.

“இனி என்ன, வா மகள்,” என்றார் மாமா.

அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். விறாந்தையில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்ட, மாமா தமிழில் சொன்னார். ஒரு பக்கத்தை நான் ஆறுதலாகப் பார்த்து முடிப்பதற்குள் “திருப்பு, திருப்பு” என்று அவசரப்படுத்தினார். உம்மா வெங்காயத்தை எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உரித்தார். வாப்பா வாடிக்குப் போகாமல் தூணில் சாய்ந்து நின்றார். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை அது. புயல் வந்தது, கப்பல் வந்தது, களவுபோன விளக்கு திரும்பி வந்தது. கடைசிப் பக்கமும் வந்தது. சிவப்பு அங்கி வரவில்லை. பாறை வரவில்லை.

“மாமா, கை எங்க?”

மாமா புத்தகத்தைப் பறித்துப் பின்னாலிருந்து தேடினார். முன்னாலிருந்து தேடினார். பிறகு பாயில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்த மாதிரி அட்டைகளை வரைகிறவர்கள் உள்ளே என்ன கதை என்று பார்ப்பதில்லையாம், தங்கள் இஷ்டத்துக்கு வரைவார்களாம். “அப்ப எல்லாரையும் ஏமாத்தி ஈக்கான்,” என்று உம்மா வெங்காயத் தோலை வீசினார்.

எனக்கு ஏமாற்றம் வரவில்லை. அல்லாஹ்வே, எவ்வளவு சந்தோசம்! உள்ளே கை இல்லை என்பது இந்த ஊரில் எங்கள் நாலு பேருக்கு மட்டும்தானே தெரியும்?

அன்று பின்னேரம் கரையில் இழுத்துவைத்திருந்த வள்ளத்தில் ஏறி நின்று, தெருப் பிள்ளைகள் முழுப்பேருக்கும் கதை சொன்னேன். கடல் கொண்டுபோனதாக எல்லோரும் நினைத்திருந்த அவளுடைய ராத்தாவின் கை அது. மோதிரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். தள்ள வரவில்லை, விழப்போனவளை அங்கியில் பிடித்து இழுக்க வந்தது. வெளிச்சவீடு, புயல் எல்லாம் சேர்த்து விளாசினேன். சாச்சாவின் மகன் வாயைத் திறந்தபடி, “பின்ன? அதுக்குப் பொறகு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கதை முடிந்ததும் புத்தகத்தை ஒருதரம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினான். கை கழுவிவிட்டு வா என்றேன். கடலில் கழுவிவிட்டு வந்தான். உப்புப் பட்டால் பின் துருப்பிடிக்கும், கிணற்றுத் தண்ணீரில் கழுவு என்றேன். அந்த வாய்க்காரன் கிணற்றடிக்கு ஓடினான்! அவன் ஓடியதைப் பார்த்த சுகம் போதும் எனக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கொப்பியில் கிழித்த ஒரு துண்டில் பத்துக்குப் பதினொன்று என்று எழுதி உடைந்த உறையில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ஆள் வந்தார். மற்றவற்றில் சிலதை மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கினார். ஒன்பது புள்ளி எட்டைக் கேட்டார். மாமா வெற்று உறையைக் கொண்டுவந்து காட்டினார். பிளந்திருந்த மூலையை அவர் விரலால் தடவிப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார்.

“நல்ல வெயில்தான்,” என்றார்.

“ஓம், எங்கட ஊர் வெயில் அப்படித்தான்,” என்றேன் பெருமையோடு.

இப்போது நான் கொழும்பில் வேலை பார்க்கிறேன். என்னிடமும் சில உறைகள் சேர்ந்திருக்கின்றன. போன மாதம் அவற்றில் ஒன்றை வாசிக்காமல் இருக்க முடியவில்லை. மாமாவின் மருமகள் வேறு எப்படி இருப்பாள்? தட்டையான ஸ்குரூ டிரைவரை மூலையில் செருகித் திருகினேன். படக்கென்று பிளந்தது. பிளவின் ஓரத்தில், நுனி அழுந்திய இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைக் கீறல். அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பதினொன்று ஒட்டிய பழைய உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே மூலை, அதே கீறல். வெயில் நிறத்தை வெளுக்கும். ஸ்குரூ டிரைவர் பிடிக்காது.

உம்மா இன்றைக்கும் கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வார். நான் வெயிலில் போடாவிட்டால் இவள் அதை வாசித்திருப்பாளா என்று கேட்டு, தானே சிரிப்பார். பக்கத்தில் மாமா இருந்தால், “ஓம் ராத்தா,” என்று தலையாட்டுவார். அந்தக் கீறலைப் பார்த்த கையோடு மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

“மாமா, அந்த ஸ்குரூ டிரைவர் வாப்பாட ஆணிப் பெட்டியில இருந்தா எடுத்தீங்க?”



“மெதுவா கதை. ஒங்கும்மா பக்கத்துல ஈக்கிறா,” என்றார். எழும்பி வளவுக்குப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏன் மகள், அந்தக் கை ஆருட எண்டு எனக்கு மட்டும் தெரிய வேணாமா?”