துரை விட்டுப்போன நாய்கள்

அப்பா அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது தன்னுடைய இரண்டு நாய்களையும் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் கப்பலேறிப் பல வருடங்களாகியும் அப்பா ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. கோயில் தேருக்குப் போகாமல் இருந்திருக்கிறார். நாய்களைக் கொண்டுபோகாமல் இருந்ததில்லை.

கொக்குவிலில் எங்கள் வீட்டு வளவுக்குள் அந்த நாய்கள் கிழடாயின. பெரியதுக்கு ஒரு கண்ணில் பால் படர்ந்துவிட்டது. சின்னது நாலு அடி நடந்தால் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இங்கிலீசுதான் விளங்கும். தமிழ் மட்டும் படித்த அம்மா அவற்றுக்காக ‘கம்’, ‘சிற்’ என்று சொல்லப் பழகினாள்.

அம்மா சுத்த சைவம். நாய்களுக்கு ஆட்டெலும்பு அவிக்க வேலியோரம் தனியாக ஓர் அடுப்பு வைத்திருந்தாள். அவித்துப் போட்ட பிறகு கிணற்றில் தலை முழுகாமல் சமையல் குசினிக்குள் கால் வைக்க மாட்டாள். மாரி காலத்திலும் அப்படித்தான். ஈரத் தலையோடு அவள் இருமுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது மரத்துப்போயிருந்தது. இருமலுக்குக் கொத்தமல்லிக் குடிநீர். மிஞ்சிப் போனால் நாட்டுவைத்தியம் செய்கிற பரியாரியாரின் தூள். அதற்கு மேல் அவளுக்கு வைத்தியம் நடந்ததில்லை.

நான் பெண்கள் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்த வருடம் நாய்களைக் காட்டுகிற தவணை வந்தது. மாடு பூட்டிய திருக்கல் வண்டி பிடித்தோம். வண்டி குலுங்கினால் பெரிய நாய் தின்றதைச் சத்தியெடுக்கும். அம்மாவின் மடியில் கிடந்தால் மட்டும் எடுக்காது. அதனால் அம்மாவும் வந்தாள். சின்னதை நான் பிடித்துக்கொண்டேன். அப்பா கோட்டும் தலைப்பாகையுமாக முன்னால் இருந்தார்.

பட்டணத்து மிருக வைத்தியசாலையில் கமக்காரர்கள் எருதுகளோடு காத்து நின்றார்கள். அப்பா அவர்களைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போனார். வைத்தியர் புதிதாக மாற்றலாகி வந்த இளந்தாரி. பெரிய நாயின் பல்லைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு இருமல் வந்தது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். இருமல் நிற்கவில்லை. தலைப்பை எடுத்தபோது அதில் இரத்தம் பட்டிருந்தது. அவள் மறைப்பதற்குள் வைத்தியர் கண்டுவிட்டார்.

“அம்மா, எவ்வளவு காலமா உங்களுக்கு இந்த இருமல்?”

அம்மா வாய் திறக்குமுன் அப்பா சொன்னார். “உது பழைய இருமல். நீர் நாயைப் பாரும்.”

“நாயளுக்கு வயசுதான் வருத்தம் ஐயா, வேறை ஒண்டுமில்லை. அம்மாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. பிந்தவேண்டாம்.”

வாசலில் எருதோடு நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், “நாய்க்கு வைத்தியம், பெண்சாதிக்கு இல்லைப் போலை கிடக்கு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

வண்டி புறப்பட்டதும் அப்பா வெடித்தார். “நாலு பேர் பாக்க ஒரு மாட்டு வைத்தியன் என்ரை பெண்சாதிக்கு வைத்தியம் சொல்லுறான். இனி உவன்ரை வாசல் மிதிக்க மாட்டன்.”

“அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தானே சொன்னது” என்றாள் அம்மா.

“நீர் பேசாமல் இரும்.”

வீடு வந்ததும் அம்மா எலும்பு அவித்தாள், முழுகினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் பல தடவை கேட்டேன். போனால் அந்த இளந்தாரியின் சொல்லுக்குப் பணிந்ததாகிவிடும் என்பது அப்பாவின் கணக்கு. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். கடைசியில் நீர்வேலியில் இருந்த அம்மான் விஷயம் அறிந்து ஒரு காரோடு வந்தார். அப்பாவிடம் ஒரு சொல் கேளாமல் தன் தங்கையை ஏற்றிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கசம், காசநோய் என்றார்கள். இரண்டு பக்க நெஞ்சும் பழுதாகிவிட்டது, முந்தி வந்திருக்கலாமே என்றார்கள். மார்கழி முடிய முதல் அம்மா போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உறவினர்கள் கலைந்துபோன பிறகு ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நாயளைக் காட்டுற தவணை பிந்திப்போச்சு. நாளைக்கு வெளிக்கிடும். பெரியதை நீர்தான் மடியிலை வைச்சிருக்க வேணும்.”

“ஆரிட்டைக் காட்டப் போறியள்?”

“அந்தப் பெடியனிட்டைத்தான். வேறை ஆர் இருக்கினம்?”

அம்மாவுக்காக வளையாத முதுகு நாய்க்காக வளைந்தது. அன்று எனக்கு வந்தது அழுகை இல்லை. வாய்க்குள் வேப்பெண்ணெய் ஊற்றியதுபோல ஒரு கைப்பு. ஆனாலும் போனேன். அம்மாவை வளவெல்லாம் மணம் பிடித்துத் தேடித் திரிந்தவை அந்த இரண்டு நாய்களும்தான்.

வைத்தியர் எங்களைக் கண்டதும் வாசலை எட்டிப் பார்த்தார். “அம்மா வரேல்லையோ?”

அப்பா இங்கிலீசில் ஏதோ சொன்னார். வைத்தியர் குனிந்து நாய்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருந்துப் போத்தலைத் தரும்போது என்னிடம் மட்டும் கதைத்தார்.

“தங்கச்சி, நீங்கள் அம்மாவோடை ஒரே வீட்டிலை இருந்தனீங்கள். நீங்களும் ஒருக்கா நெஞ்சைக் காட்டுங்கோ.”

“ஓம்” என்றேன். வண்டியில் ஏறியதும் வண்டிக்காரரிடம், “பெரியாஸ்பத்திரிப் பக்கம் விடுங்கோ” என்றேன். வண்டிக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தடுக்கவில்லை. வண்டி திரும்பியது.

நான் உள்ளே போய்க் காட்டிவிட்டு வரும்வரை அவர் வெயிலில், இரண்டு நாய்களுக்கும் நடுவில், வண்டியிலேயே இருந்தார். என் நெஞ்சில் பழுதில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

“என்னவாம்?” என்று கேட்டார்.

நான் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தேன். கொக்குவில் வரும்வரை அவர் இரண்டு மூன்று தடவை கேட்டார். நான் சொல்லவில்லை. அதற்காக நான் இதுவரை வருந்தியதுமில்லை.