ஈயம் வார்த்து ஊன்றிய நாலு வாங்குகள்

சீமெந்து நிலத்தில் இரும்பு ஊன்றுவது சுலபம். ஊன்றச் சொன்னவர் ஒரு சொல்லில் நிற்பதுதான் அபூர்வம். மேசன் வேலை பார்த்து ஏச்சு வாங்கிய சகோதரர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆட்டிப் பார்த்தார்

நல்லூரில் சின்னத்துரையர் என்றொரு மலாயாப் பென்சனியர் இருந்தார். வீட்டு முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டு, ஆட்கள் வரிசையாக அமரும் இரும்புக்கால் வாங்குகள் நாலு வாங்கி வைத்திருந்தார். ஊரில் கலியாணமோ செத்தவீடோ, வாங்கும் கதிரையும் இருக்கிற வீட்டில்தானே இரவல் கேட்பார்கள்? அவருக்கு அது பிடிக்காது. அதிலும் பக்கத்து வளவில் இருந்த தங்கை பொன்னம்மாவோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்ததில் வந்த கோபம். இப்போது அந்த அம்மாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது.

வாங்குகள் இனி அசையவே கூடாது, நிலத்தோடு ஊன்றிவிடு என்று மேசனான என்னைக் கூப்பிட்டார். உளியால் நிலத்தைக் குடைந்து, வாங்குக் கால்களை இறக்கி, ஈயம் உருக்கி வார்த்தேன். சின்னத்துரையர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இனி ஆர் வந்து கேட்டாலும் நான் வாய் திறக்கத் தேவையில்லை மேசன். வாங்கே சொல்லும், மாட்டன் எண்டு!"

கழட்டச் சொன்னார்

நாலாம் நாள் அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார். பொன்னம்மா ஆள் விட்டு வாங்குகளை இரவல் கேட்டிருந்தாராம். எங்கள் பக்கத்தில் கோபக்கார வீட்டில் இரவல் கேட்டால், கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். கொடுத்தால் உறவு திரும்பும், கொடுக்காவிட்டால் அத்தோடு சரி. இவரும் ஆசை ஆசையாக "நாளைக்குத் தாறன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. அசையக்கூடாது என்றவரும் இவர்தானே? பகல் முழுக்க உளியோடு மல்லுக்கட்டினேன். சீமெந்து வெடித்ததே தவிர ஈயம் விடவில்லை. கால்களை அறுக்கவா என்று கேட்டேன். கால் அறுத்த வாங்கை நல்ல காரியத்துக்குக் கொடுப்பதா என்று பாய்ந்தார். வேலை திறமாக அமைந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

"ஆரடா உன்னை உவ்வளவு இறுக்கச் சொன்னது?" என்று என்னையே ஏசினார்.

பொன்னம்மா வந்தார்

மறுநாள் வாங்குகள் வரக் காணாமல் பொன்னம்மாவே படலையைத் திறந்துகொண்டு வந்தார். சின்னத்துரையர் ஒரு வாங்கைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பிறகு மற்றதை இழுத்தார். கண் கலங்கிவிட்டது. தர மனமில்லாமல் நடிக்கிறார் என்று அந்த அம்மா நினைத்துவிட்டால்?

பொன்னம்மா குனிந்து, கால்களைச் சுற்றி வெடித்துக் கிடந்த சீமெந்தைப் பார்த்தார். என் கையிலிருந்த, முனை மழுங்கிய உளியைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் தூசியைத் தட்டிவிட்டு, அந்த வாங்கிலேயே அமர்ந்தார்.

"அது வராட்டில் விடுங்கோ அண்ணை. பந்தலை இஞ்சை போடுவம்."

பந்தல் கால் நட அதே முற்றத்தில் பன்னிரண்டு குழி தோண்ட என்னையே பிடித்தார்கள். இந்தத் தடவை இறுக்கமா தளர்வா என்று அண்ணனும் தங்கையும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்த பிறகுதான் உளியைத் தொட்டேன்.