பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்காரருக்குத் திடீரென்று மெட்ராஸ் கசந்துவிட்டது. அவர் வேலை பார்த்த உரக் கம்பெனி வெளியூர்களில் கிடங்கு திறந்தது. ஊரை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மனுஷன் பெண் பார்க்கப் போகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் பார்க்கக் கிளம்பினார். திண்டிவனத்தில் பஸ் சத்தம் அதிகமாம். திருவண்ணாமலையில் சாமியார் கூட்டமாம். செஞ்சியைப் பார்த்துவிட்டு வந்த அன்று சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஊர்னா அதான்டி ஊரு! பஸ்ஸை விட்டு இறங்கினதும் மலை, மலைமேல கோட்டை. ராஜா ஆண்ட ஊரு!"

"அந்த ராஜாவே விட்டுட்டுப் போயிட்டாரே, நாம போய் என்ன பண்றது?" என்றேன்.

எனக்குக் கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம். திருவல்லிக்கேணியில் ஒரே குழாயை நம்பிப் பல குடும்பங்கள் இருந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். விடியுமுன் குடத்தோடு சண்டைக்குப் போய்ப் போய் எனக்குத் தொண்டையே கம்மிவிட்டது. தனியாகக் கிணறு இருக்கிற வீடு கிடைத்தால் எந்தக் காட்டுக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிடைத்தது. கடைவீதிக்குப் பின்னால் ஒரு ஜைனக் குடும்பத்தின் வீடு. ஒரு பாதியில் அவர்கள் இருந்தார்கள், மறுபாதி பூட்டிக் கிடந்தது. அந்தப் பாதியின் பின்கட்டில் தனிக் கிணறு. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் குனிந்தால் மொள்ளலாம் போல மேலேயே நின்றது. அட, இதுவல்லவா அரண்மனை என்று தோன்றிவிட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டிய வீட்டுக்காரம்மாள் என்னைவிடச் சற்று மூத்தவர். அவர் கணவர் நெல் மண்டியே கதி என்று கிடப்பவர். பேச்சோடு பேச்சாக அந்த அம்மாள், "நாங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுவோம். வெளக்கு வெச்சப்புறம் வாயில ஒண்ணும் வெக்க மாட்டோம். நீங்க எப்படிம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நாங்களும் அப்படித்தாங்க! இருட்டினப்புறம் பச்சத் தண்ணிகூடக் கிடையாது."

அடப்பாவி! ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தையே மூன்று தடவை ஊற்றச் சொல்கிற ஆள்! வெளியே வந்ததும் கேட்டதற்கு, கிணற்றைப் பார்த்த உன் முகத்தைப் பார்த்தேன், வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று வாயில் வந்துவிட்டது என்றார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

குடிவந்தோம். கிடங்கிலிருந்து அவர் வருவதற்குள் இருட்டிவிடும். பொழுது சாயும்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாம்மா, சாப்டாச்சா?" என்று குரல் வரும். "ஆச்சுக்கா!" என்பேன். அரிசி அப்போதுதான் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் வந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வோம். தாளித்தால் வாசனை போகும் என்று தாளிப்பதில்லை. கடித்தால் சத்தம் கேட்கும் என்று அப்பளத்தையும் நிறுத்திவிட்டேன். "ராஜா ஆண்ட ஊரு, நல்லா சாப்பிடுங்க" என்று அவர் காதோரம் சொல்வேன். முறைப்பார். கேலி செய்தேனே தவிர எனக்குள்ளும் உதறல்தான். விஷயம் தெரிந்து காலி பண்ணச் சொன்னால் கிணறு போச்சு, மறுபடி அந்தக் குழாயடிதான்.

ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. தீப்பெட்டி தேடப் போன நான் பித்தளைக் குடத்தில் இடித்துக்கொண்டேன். அது உருண்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். "இன்னாம்மா ஆச்சு?" என்று பதறியபடி அக்கா அரிக்கேன் விளக்கோடு பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெளிச்சம் நேராகச் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. எங்கள் வீட்டுக்காரரின் வாய் நிறைய ரசம் சாதம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க..."

"இன்னாத்துக்குத் தப்பா நெனைக்கணும்? நீங்க வந்த மறுநாளே எனக்குத் தெரியும். தாளிக்கலன்னா ரசம் மணக்காதா?"

"அப்புறம் ஏன்க்கா தெனமும் சாப்டாச்சான்னு கேட்டீங்க?"

"நீ ஆச்சுக்கான்னு சொல்ற அழகக் கேக்கத்தான்" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எங்க பழக்கம் எங்களோட. பலகாரம் செஞ்சா எப்ப வந்து குடுக்கலாம்னுதான் அன்னிக்குக் கேட்டேன். உங்கள யாரு ஒளிஞ்சு சாப்டச் சொன்னாங்க? முன்ன இருந்த வாத்தியார் வீட்லயும் இப்படித்தான், கூச்சப்பட்டுக்கினு காலி பண்ணிட்டாங்க. எனக்குத் தெரியும்னு சொன்னா நீங்களும் பூடுவீங்களோன்னு பயந்துட்டேன்மா. நாள் பூரா இந்த மதிலோடவா நான் பேசிக்கினு இருப்பேன்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிணறு போய்விடுமே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்த அம்மாள் நான் போய்விடுவேனே என்று நடுங்கியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் எழப் பார்த்தார். "ஒக்காருங்க, பாதிச் சோத்துல எந்திரிக்கலாமா?" என்று அதட்டிவிட்டு, அக்கா விளக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். "இருட்டுல பூச்சி வுழும்னுதான் நாங்க சாப்படறதில்ல. பாத்து சாப்டுங்க." கை வலிக்கும் கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. இருட்டிய பிறகு பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அடுத்த வீட்டு ஆள் சாப்பிட்டு முடிக்க விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த மனுஷனுக்கு வெட்கமாவது ஒன்றாவது! வாயிலிருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார், சத்தமாகவே.