புளி போட்டுத் தேய்த்த தங்க வாட்ச்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் சொந்தமாக முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட் போட்டேன். கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கினாலே பருப்பு தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் அதில் என்னை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. வாட்ச் விஷயத்தில்தான் சறுக்கினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கையில் வாட்ச் கட்டிய மாப்பிள்ளை அப்போது எங்கள் பக்கம் அபூர்வம். திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு எவர்சில்வர் கூடு, மற்றதற்குத் தங்க முலாம் பூசிய கூடு. உள்ளே ஓடுவது இரண்டிலும் ஒன்றுதான் என்றார்.

"வேர்க்குற கைக்கு எவர்சில்வர்தாங்க நல்லது."

"சோறு திங்கிற தட்ட யாராச்சும் கையில கட்டுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, மஞ்சளாக மின்னியதை வாங்கி வந்தேன்.

பெண் வீட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. பெண்ணின் அப்பா என் கையையே பார்த்தார். "தங்கமா தம்பி?" என்றார். "சொக்கத் தங்கம் மாமா" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

பரிசம் போட இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் வாட்சைக் கழற்றாமலே ஷெட்டில் நின்றேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க வேண்டாமா? கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலையே பொசுக்கிவிடும். அதுவும் வேர்வையும் சேர்ந்து கூட்டில் கறுப்பாக அப்பிக்கொண்டன. பரிசத்துக்கு முந்தின நாள் காலையில்தான் அதைக் கவனித்தேன். வீட்டில் குடம் கறுத்தால் என்ன செய்வோம்? கண்ணாடிமேல் துணியைச் சுற்றி, புளியும் சாம்பலும் வைத்து அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு போனது. தங்கமும் கூடவே போனது. குடம் மாதிரியே பளபளவென்று ஒரு பித்தளை வாட்ச் மிஞ்சியது.

பொய் சொன்னவன் என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்கோ அந்தப் பெண்ணை விட மனசில்லை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டிக்கொண்டு போனேன். வெற்றிலைத் தட்டை வைத்தாயிற்று. பெண்ணின் தாய்மாமன், வாய்த்துடுக்கான மனிதர், குரல் கொடுத்தார்.

"ராகு காலம் முடிஞ்சிருச்சா மாப்ளே? அந்தத் தங்க வாட்ச்சப் பாத்துச் சொல்லுங்க."

வேறு வழி? சட்டைக் கையை மேலே ஏற்றினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, அன்னைக்குத் தங்கம், இன்னைக்குப் பித்தளை. கல்யாணத்தன்னைக்குத் தகரமாயிருமோ?"

கூடமே சிரித்தது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வாட்ச்சே பொய்யின்னா, ஷெட்டு மட்டும் நெசமா?" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முலாம்னு தெரிஞ்சேதான் சொன்னேன் மாமா. தப்புதான். கறுத்துப்போச்சுன்னு புளி போட்டுத் தேச்சுட்டேன். ஷெட்டு நெசம்." என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதே இல்லை.

அப்போது பெண்ணின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். வாட்சை அவர் பார்க்கவே இல்லை. என் விரல்களைப் பிடித்துத் திருப்பினார்.

"இங்கிட்டுப் பாருங்க. கொட்டை எண்ணெ பட்டுத் தோலு உரிஞ்ச கையி. கல்யாணத்துக்கு முந்தி நானும் கொட்டை ஒடச்சவதான், எனக்குத் தெரியாதா? புள்ளைக்கு வாயி கொஞ்சம் நீளம். ஆனா ஒழைக்கிற புள்ள. தட்ட மாத்துங்க."

தட்டு மாறியது. கல்யாணத்தில் எனக்கு எவர்சில்வர் வாட்ச்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அந்த அம்மாள்தான். அதைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக ஷெட்டில் நின்றேன். எண்ணெய் பட்டால் துணியால் துடைப்பேன், அவ்வளவுதான்.

பிறகு இரண்டாவது ஷெட் போட்டதெல்லாம் என் சாமர்த்தியம். அதை யாருக்கும் பங்கு வைக்க மாட்டேன். பெண்டாட்டி மட்டும் என் மாமியார் போட்ட பிச்சை. அவர் இருந்தவரை, ஒவ்வொரு வருஷமும் முதலில் உடைத்த முழுப் பருப்பில் ஒரு படி அவர் வீட்டுக்குத்தான் போகும். "கொட்டைய வறுத்த பக்குவம் பத்தல தம்பி" என்று குறை சொல்லிக்கொண்டேதான் வாங்குவார். என் பருப்பைக் குறை சொல்ல அவர் ஒருவரைத்தான் விட்டு வைத்திருந்தேன்.