அரசிக்கு யாருடைய முகம்?

மங்களா ரீச்சர் இறந்த செய்தி பாடசாலை வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நான் நம்பவில்லை. அதே குழு முன்பொருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டது. மாலையில் அவரே குழுவுக்குள் வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஆகவே ரீச்சரின் எண்ணுக்கே அழைத்தேன். தங்கை எடுத்தார். "ஓம் புள்ள. விடியத்தான். நெஞ்சு நோகுதெண்டு சொன்னா." அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை.

களுவாஞ்சிக்குடியில் ஒரே பாடசாலையில் அவர் சித்திரம் படிப்பித்தார், நான் வரலாறு. பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட மூத்தவர். புத்திமதி சொன்னதில்லை; சந்தேகங்களை மட்டும் தந்தார். நான் சேர்ந்த புதிதில், காலைக்கூட்டத்தில் வரலாற்றுப் பெண்கள் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. "நல்லாத்தான் சொன்னாய். பெரிய பொம்பிளையெண்டு ஒராளச் சொன்னா, மறுகா அத ஆர் சொன்னதெண்டும் கேக்கோணும்" என்றார்.

நம் பாடசாலை மதிலை, இதைப் படிக்கும் சக ஆசிரியர்களாகிய நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மகளிர் தினத்துக்கு வரலாற்றுப் பெண்களை அதில் வரையும்படி அதிபர் ரீச்சரிடம் கேட்டார். யார் யார் என்று சொன்னது நான். விளக்கேந்திய தாதி, ரேடியம் கண்ட விஞ்ஞானி, உலகின் முதல் பெண் பிரதமர். இவர்களுக்குப் புகைப்படம் இருந்தது. பார்த்து வரைந்தார். கடைசி ஆள், மண்முனையை ஆண்டதாக நம் பக்கத்தில் சொல்லப்படும் அரசி. அவளுக்குப் படம் ஏது?

தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "படமில்லாத பொம்பிளைக்கு மூஞ்சி வேணுமெண்டா, ஆரிட்டயாவது களவெடுக்கத்தான் வேணும்."

யாரிடமோ எடுத்தார். அகன்ற நெற்றி, கறுத்த நிறம், சற்றுக் குறுகிய மேலுதடு. கிரீடம் இல்லாவிட்டால் சந்தையில் மீன் பேரம் பேசுகிற பெண்.

அந்த வாரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. கோயிலில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்பதில் சகோதரர்களே பேசாமல் இருந்திருக்கிறார்கள். அரசியின் முகம் ஒரு குடிப் பெண்ணின் முகமென்றால், அரசியும் அந்தக் குடி. கோயில் பொறுப்பிலிருக்கும் வண்ணக்கர் ஒருவர் தேநீரைத் தொடாமல் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"இது அவங்கட குடி மூஞ்சி. நாளைக்கு அரசிர வழியில வந்த ஆக்கள் நாங்கதானெண்டு முன்னுக்கு நிப்பாங்க. ஆர் சொல்லி வரைஞ்சீங்க?"

"ஒருத்தரும் சொல்லல்ல அண்ணன். உங்கட குடியில மூக்கு எப்பிடி?"

அவர் தன்னையறியாமல் மூக்கைத் தொட்டார்.

ரீச்சர் மறுபேச்சில்லாமல் மூக்கை மாற்றினார். அவ்வளவு எளிதில் அவர் இணங்கியது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்து மற்றக் குடியினர் வந்தார்கள். கண்ணை மாற்றினார். மூன்றாவதாக ஒரு குடும்பம் வந்தது. யாருக்கும் நோகாத முகமாக, கலண்டரில் வரும் அம்மன் மாதிரி வரைந்துவிடச் சொன்னார் அதிபர். சனி, ஞாயிறு கழிந்து திங்கள் போனால், அரசி நமக்கு முதுகைக் காட்டி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்ணக்கர் மறுபடியும் வந்தார். கொண்டை போட்ட விதம் பிழை என்றார். "கொண்டைக்கும் குடி இருக்கா அண்ணன்?" என்று ரீச்சர் கேட்க, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு ரீச்சர் என்னிடம் சொன்னார்: "பாத்தியா, எங்கட மூஞ்சி இல்லையெண்டு ஒருத்தரும் வரல்ல. மத்தாக்கள்ர மூஞ்சியெண்டுதான் வந்தாங்க."

முதல் முகம் யாருடையது என்று கேட்டேன். "சொன்னா நீயும் அவங்கள்ல ஒராளாயிடுவாய்" என்றார்.

செத்த வீட்டில் நான் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையின் உதடு. பெரியம்மாவின் நெற்றி. பாயில் சாய்ந்திருந்த யாரோ ஒருத்தியின் கண். பிறகு பெட்டிக்குள் ரீச்சருடைய முகம். எல்லோரிலும் அரசி கொஞ்சம் இருந்தாள். அல்லது நான் தேடியதால் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் ஆசிரியர் கூட்டம் நடந்தது. அரசியை முன்னுக்குத் திருப்பி, ரீச்சரின் முகத்தையே வைத்துவிடலாம் என்றார் அதிபர். அவருக்கும் மரியாதை, பிரச்சினையும் முடிந்துவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் மெதுவாகப் பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "ரீச்சர் எந்தக் குடி?"

ரீச்சர் படமெடுக்க விடமாட்டார். தெளிவான படம் என்னிடம் மட்டும் இருந்தது. விளையாட்டுப் போட்டியன்று எடுத்தது. அதிபர் அதைக் கேட்டார்.

"தரமாட்டன் சேர்."

"உங்களுக்கு அவவில என்ன கோவம்?"

"கோவமில்ல சேர். அவ அரசிய ஒரு வீட்டுக்கும் குடுக்கல்ல. நாங்க அவட வீட்டுக்குக் குடுத்தா, அவ செஞ்சதெல்லாம் அதுக்காகத்தானெண்டு ஆயிடும்."

அறையில் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. அந்தப் பார்வைகளில் சில உங்களுடையவை. படம் இல்லாமல் வரைய, அதிபர் வெளியிலிருந்து கூப்பிட்ட ஓவியர் சம்மதிக்கவில்லை. அரசி இன்னும் வாவியைப் பார்த்தபடிதான் நிற்கிறாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. வகுப்பில் ஒரு பெண்ணைப் பெரியவளென்று சொல்லும்போதெல்லாம், அதை ஆர் சொன்னதென்று கேட்டுக்கொள்கிற பழக்கம் ஒன்று. மற்றது அந்தப் படம். அதில் அவர் சிரிக்கவில்லை. படமெடுக்கும் என்னை, இதை எதற்குப் பாவிக்கப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.