முனை ஒடிந்த நார்த்தங்காய்

இராஜபாளையத்தில் இரண்டு நூற்பாலைகளின் மதில்களுக்கு நடுவே நான்கு ஏக்கர் தோட்டம் ஒன்று இருந்தது. ஆலை லாரிகள் நிற்கும் சந்தின் முடிவில் ஒரு தகரக் கதவு. உள்ளே போக வேறு வழி கிடையாது. கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஆறு யூதக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பயிர் செய்த நிலம். ஊரில் அதைச் சனிக்கிழமைத் தோட்டம் என்பார்கள். வெள்ளி அந்தி முதல் சனி அந்தி வரை அவர்களுக்கு ஓய்வுநாள், அந்தக் கதவு திறக்காது. எண்பதுகளில் ஒவ்வொரு குடும்பமாக இஸ்ரேலுக்கோ கொச்சிக்கோ போய்விட, நான் போனபோது ஒருவர்தான் மிச்சம். எழுபது வயதுப் பெரியவர், மனைவியை இழந்தவர்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழின் நிருபர். வார இணைப்புக்கு அரைப் பக்கமும் ஒரு படமும் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். ஐந்தரை மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

கதவைத் திறந்தவர் தோட்ட வேலை பார்க்கும் பாய். ஐம்பது வயதிருக்கும். மோட்டார் ரூமை ஒட்டிய வீட்டில் மனைவியோடு இருந்தார்.

"வெரசா வாங்க சார். பொழுது விழுந்துட்டா முதலாளி ஒரு வேலையும் செய்ய மாட்டாக. சொல்லவும் மாட்டாக."

"நாளைக்கு மோட்டார் யார் போடுவா?"

"நான்தான். ஆனா போடுன்னு அவிய வாயால சொல்லப்படாது. 'வாழை வாடுதே'ன்னு வானத்தப் பாத்துச் சொல்லுவாக. நமக்கு வெளங்கணும். ஒருநாள் வெளங்காத மாதிரியே நின்னேன். மூணு தடவ வாழை வாடிப்போச்சு!"

வீட்டு வாசலில் நின்ற பெரியவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள், இங்குள்ள தறிகளில் காயத்துக்குக் கட்ட நெய்யும் வலைத்துணி. அதைப் பிரித்தால் ஒரு நார்த்தங்காய். எலுமிச்சை நிறம், கையளவு. பூ உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கூடாரப் பண்டிகைல கையில வச்சு ஜெபம் பண்ணணும், தம்பி. ஒட்டு மரத்துக் காய் ஆகாது. தழும்பு ஆகாது. இந்த முனை ஒடிஞ்சா தீர்ந்தது, வெறும் ஊறுகாய்க் காய்தான். முப்பது மரத்துல இந்த வருசம் தேறினது இது ஒண்ணு."

காய் அவருடைய தம்பிக்கு. பத்து வருடத்துக்கு முன், இந்த மண்ணில் ஒன்றும் விளையாது என்று சொல்லிவிட்டுக் கொச்சிக்குப் போனவர். பண்டிகை முடிந்ததும் அவரும் இஸ்ரேலுக்கு விமானம் ஏறுகிறார். திங்கட்கிழமை மாலை பண்டிகை தொடங்குகிறது. ஞாயிறு காலை செங்கோட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் பெரியவரே கொண்டுபோவதாக ஏற்பாடு.

"போறதுக்கு முந்தி அவன் கையில இதைக் குடுக்கணும். வேற ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார்.

அவர் குளிக்கப் போனார். பாய் காயைத் திரும்பத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வாழைப் பக்கம் போனார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் காயைப் பெட்டியோடு வாசலுக்கு எடுத்துவந்து, துணியைப் பிரித்து ஒரு படம் எடுத்தேன். முனையில் நிழல் விழுந்தது. இரண்டாவது படத்துக்காகக் காயை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். திருப்புவதற்கு வாகாக இருந்தது அந்த முனைதான். அது சத்தமில்லாமல் கையோடு வந்தது.

ஒடிந்த முனையை இருந்த இடத்திலேயே பொருத்தி, வலைத்துணியைச் சுற்றி, பஞ்சில் வைத்து மூடினேன். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பெரியவர் ஈரத் தலையோடு வந்தபோது நோட்டில் மரங்களின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நேரத்தில் பாய் ஓடிவந்தார். பஜாரில் இரண்டு தரப்புக்கு அடிதடி. பஸ் மீது கல் விழுந்து, போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஊருக்குள் தடை உத்தரவு.

"எங்க போகப் போறீக? பேசாம இங்கனயே கெடங்க சார். மில்லுக்காரன் செவுரு, அதுக்கு மேல கண்ணாடிச் சில்லு. கலெக்டரே வந்தாலும் ஏற முடியாது."

தோட்டத்தில் போன் இல்லை. வெளியே மாவட்டத்தின் பெரிய செய்தி நடந்துகொண்டிருக்க, நான் நார்த்தை மரங்களுக்கு நடுவே இருந்தேன். பெரியவர் விளக்கேற்றி, தனியாக ஜெபம் செய்து, மீன் குழம்பும் சோறும் போட்டார். பெட்டி அலமாரியின் மேல் தட்டில், நான் சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது.

சனிக்கிழமை ஆலைச் சங்கு ஊதவில்லை. முந்தின மாலையே தணலில் வைத்திருந்த சோற்றை இருவரும் சாப்பிட்டோம். பத்து மணிக்கு அவர் வாழை வாடுவதாகச் சொன்னார். மோட்டார் ஓடியது. நான் கதவு வரைக்கும் போனேன், வந்தேன். தகரக் கதவுக்கு நாற்பத்தெட்டு ஆணி. பகல் இரண்டு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல், "அந்தப் பெட்டி விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "அந்தப் பேச்சு பொழுது சாய்ஞ்சப்புறம். மூணு நட்சத்திரம் தெரியட்டும், தம்பி. இன்னைக்கு வேலைப் பேச்சு கிடையாது."

எனக்கு அப்போது உண்டானது நிம்மதி. அதைத்தான் மறக்க முடியவில்லை.

இருட்டத் தொடங்கியதும் அவர் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் வந்திருந்தது. அந்த நேரத்தில் சந்தில் போலீஸ் ஜீப். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறது, நிருபர் ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். அங்கிருந்து செய்தி அனுப்பலாம். இன்னும் கால் மணி நேரம் இருந்தால் போதும், அவரே பெட்டியைத் திறந்திருப்பார். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன். ஞாயிறு காலை பஸ்கள் ஓடத் தொடங்கின.

கட்டுரை வந்தது. முதல் படத்தைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு வரி: கொச்சிக்குச் செல்லும் பழுதில்லாத நார்த்தங்காய். அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான்தான். ஆசிரியர் பாராட்டி ஒரு கார்டு போட்டார். என் பணிக்காலத்தில், பொய் என்று தெரிந்தே அச்சுக்குக் கொடுத்த வரி அது ஒன்றுதான்.

இருபது நாள் கழித்து, பத்திரிகைப் பிரதி கொடுக்கும் சாக்கில் போனேன். பாய் கதவைத் திறந்தார். முன்போல் பேசவில்லை. நானேதான் கேட்டேன், முதலாளி கொச்சிக்குப் போனாரா என்று.

"வெறுங்கையோடயா போவாக? நீங்க போன அன்னைக்கு ராத்திரி பெட்டியத் தொறந்தாக, முனை தனியா கெடந்துச்சு. முந்தின நாள் துணி சுத்தினது நான். இறுக்கிப்பிட்டேன் போல. என்னைய ஒரு வார்த்த கேக்கல சார். திட்டிருந்தாலும் பரவாயில்ல. தம்பிக்காரரு போன வாரம் பிளேன் ஏறிட்டாராம்." சொல்லிவிட்டு அவர் மோட்டார் ரூமுக்குப் போனார்.

பெரியவர் அறையில் என் கட்டுரை ஏற்கெனவே இருந்தது. கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். நிழல் விழுந்திருந்தும் படத்தில் முனை தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே நடந்ததைச் சொன்னேன். வெளிச்சம், நிழல், இரண்டாவது படம், எல்லாவற்றையும் வரிசையாக.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? என் தம்பி போயாச்சு" என்றார். ஜன்னலுக்கு வெளியே மோட்டார் ரூம் பக்கம் கையைக் காட்டினார். "அங்க போய்ச் சொல்லுங்க. இருபது நாளா அவன் தன் கையையே பார்த்துக்கிட்டுத் திரியறான்."

இந்த முறை அவர் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பாய் சுவிட்சை அணைத்தார். குழாயில் தண்ணீர் அடங்கும் வரை இருவரும் நின்றோம்.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றார். "என்னமோ சொன்னீகளே."